ஆறாவது தட்டு

சாயங்கால வெயில் மேசை விரிப்பின் மேல் சாய்ந்து கிடக்கிறது. முப்பது வருடம் ஹோட்டலில் பரிமாறிய மாமனார், இரவு விருந்துக்காக விரலால் இடைவெளி அளந்து ஆறு தட்டுகளை வைக்கிறார். அடுப்பில் அவர் செய்த காய்கறி சூப் தளதளவென்று கொதிக்கிறது. மருமகள் வந்து ஓரத்துத் தட்டை எடுத்துக் கரண்டியோடு அவர் கையிலேயே கொடுக்கிறாள். “நீங்க உள்ளேயே சாப்பிட்டுக்கோங்க மாமா. உங்க கை நடுங்குறத பாத்தா வர்றவங்க முகம் சுளிப்பாங்க.” தட்டில் கரண்டி கடகடவென்று அடித்துக்கொள்கிறது. மாமனார் அதை அடுக்களையில் வைத்துவிட்டுத் திரும்பி வருகிறார். காலி இடம் தெரியாதபடி, மீதி ஐந்து தட்டுகளையும் மறுபடி விரலால் அளந்து ஒவ்வொன்றாக நகர்த்துகிறார். ஆறாவது நாற்காலியைத் தன் அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். அவள் தள்ளி நின்று பார்க்கிறாள். “இப்பதான் மாமா மேசை லட்சணமா இருக்கு.”