வெள்ளைன்னா வாங்கலாம்

சிரிங்கடா, நல்லாச் சிரிங்க. லேப்டாப் வாங்கறதுக்குச் சாமிகிட்ட உத்தரவு கேட்டாங்கன்னா உங்களுக்கு இளிப்பு தாங்கல. நீங்க ஒரு போன் வாங்க யூடியூப்புல முப்பது பேருகிட்ட வாக்குக் கேக்கறீங்க. அவங்க ஒரே ஒரு மாரியாத்தாகிட்டக் கேட்டாங்க. யாருடா புத்திசாலி?

சேந்தமங்கலத்துல எங்க பக்கத்து ஊடு சென்னியப்பன் பெரீப்பா ஊடு. அவரு மருமக ஜோதி அண்ணி. அண்ணன் ரிக் வண்டியோட ராஜஸ்தான்ல போர்வெல் போட்டுட்டுத் திரியறான்.

ஜாக்கெட்டுல பூவு, மயிலெல்லாம் போடற எம்ப்ராய்டரி மிஷின் இருக்குதுல்ல, அதுக்குக் கம்ப்யூட்டர்ல டிசைன் போட்டுக் குடுக்கறதுதான் அண்ணிக்கு வேலை. ஊட்டுல கம்ப்யூட்டர் இல்ல. பிரவுசிங் சென்டர்ல போய் உக்காரும். அங்க பரீட்சை ரிசல்ட் பாக்க நாலு பேரு வந்தாப் போதும், சென்டர்க்காரன் பாதி மயிலோட அண்ணிய எந்திரிக்கச் சொல்லீருவான்.

போன வாரம் திருச்செங்கோட்டுக் கடைக்காரரு ஒருத்தரு சொல்லீட்டாரு. "சொந்தமா லேப்டாப் இருந்தா மாசாமாசம் வேலை தர்றனுங்க. இல்லீன்னா வெள்ளிக்கிழமை வேற ஆளு பாத்துக்கறேன்."

நம்மூர்ல காலேஜைப் பாதியில உட்டவன்தான கம்ப்யூட்டர் இஞ்சினியரு? என்னையக் கூட்டிட்டு அண்ணி சேலம் போச்சு.

அங்க கம்ப்யூட்டர் கடையில மொதல்ல புதுசு ஒண்ணு காட்டுனாங்க. பளபளன்னு, கல்யாண மாப்ள மாதிரி. அண்ணி பென் டிரைவச் சொருகி மயில் டிசைனத் தொறந்துச்சு. மயிலு தோகை விரிக்கறதுக்குள்ள நான் டீயே குடிச்சுட்டு வந்துட்டேன்.

"இந்த வெலைக்கு மெமரி இவ்வளவுதாங்க வரும்"னாரு கடைக்காரரு.

"இந்த வெலைக்குக் கோழி டிசைன்தான் போடோணும்போல"ன்னேன்.

அடுத்தது பழசு. ஏதோ ஆபீஸ்ல ஓட்டித் தள்ளுனது. கீபோர்டுல எழுத்தெல்லாம் தேஞ்சு கெடக்குது. பேட்டரி அரை மணி நேரம் நின்னாப் பெருசு. ஆனா மெமரி ரெண்டு மடங்கு, வெல பாதி. மயிலு பட்டுன்னு தோகைய விரிச்சுருச்சு.

"எழுத்தே தெரியலீங்ளே அண்ணி."

"எனக்கெதுக்கு அன்பு எழுத்து? வேலையெல்லாம் மவுசுலதான. கரண்டுலயே சொருகி வெச்சுக்கறேன்."

இருந்தது அது ஒண்ணுதான். நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் எடுத்து வெக்கறேன்னாரு.

ஊட்டுக்கு வந்தா அண்ணியோட மாமியா ராசம்மா பெரீம்மா வாசல்லயே நிக்குது. "அந்தப் பொட்டி உள்ள வந்தா அடுப்பு யாரு பாக்கறது?"

பெரீப்பா கண்ணாடியப் போட்டுட்டு, அண்ணி போன்ல இருந்த மயிலையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்பறம் சொன்னாரு. "நீயும் பேசாத, நானும் பேசல. ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம்."

அண்ணிக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

ஒரு பொட்டலத்துல வெள்ளை அரளி, ஒரு பொட்டலத்துல செவப்பு. சாமி முன்னால வெச்சு ஒண்ண எடுக்கோணும். வெள்ளைன்னா வாங்கலாம். செவப்புன்னா கைய உட்டுரோணும். போன வருசம் ஸ்கூட்டிக்குக் கேட்டப்பச் செவப்பு வந்துருச்சு.

"பொட்டலம் கட்டறது யாருங் அண்ணி?"

"மாமாதான்."

"எடுக்காத பொட்டலத்த என்ன பண்ணுவாருங்?"

"அதப் பிரிக்கக் கூடாதும்பாரு. கொண்டுபோய்க் கெணத்துல போட்டுருவாரு."

எனக்குப் பொறி தட்டிருச்சு. கெழவன் ரெண்டுலயுமே செவப்பத்தான்டா வெக்கறாரு.

மறுநா காலையில கோயிலு. பெரீப்பா பொட்டலம் ரெண்டையும் தட்டுல வெச்சுட்டுக் கால் கழுவப் போனாரு. பெரீம்மாவும் அண்ணியும் கோயிலச் சுத்திட்டு இருந்தாங்க. என்ற கை சும்மா இருக்குமா? வாசல்ல இருந்த ரெண்டு அரளிச் செடியில வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு பறிச்சு, அதே மாதிரி வாழெலையில சுத்தி நாருல கட்டித் தட்டுல வெச்சுட்டேன். அவரு கட்டுனது ரெண்டும் என்ற பாக்கெட்டுல. பிரிச்சுப் பாக்க நேரமில்ல.

நானும் ரெண்டையும் வெள்ளையா வெச்சிருக்கலாம்தான். ஆனா சாமி விசயத்துல கள்ளாட்டம் ஆட எனக்குத் தொடை நடுங்குது. அதனால நாயமா, ஒண்ணுக்கு ஒண்ணு.

பெரீப்பா வந்து நின்னாரு. "நீயே எடு ராசம்மா. அப்பறம் நான் என்னமோ பண்ணுனேன்னு பேச்சு வரக் கூடாது."

பெரீம்மா கண்ண மூடி ஒண்ண எடுத்துப் பிரிச்சுது.

செவப்பு.

"நான் அப்பவே சொன்னேன்ல"ன்னுச்சு பெரீம்மா.

அண்ணி போன எடுத்துக் கடைக்குப் போட்டுச்சு. "அண்ணா, அத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க."

பெரீப்பா மட்டும் அந்தப் பூவையே பாத்துட்டு நிக்கறாரு. திருப்பிப் பாக்கறாரு, மோந்து பாக்கறாரு.

"என்னங் பெரீப்பா?"

"இது எப்பிடிச் சாமி செவப்பாச்சு?"

"அரளின்னா செவப்பும் இருக்குமுங்ளே."

அவரு காதுல உழுகல. நெடுஞ்சாண்கெடையா உழுந்துட்டாரு. "தப்புத்தான் ஆத்தா, தப்புத்தான்."

எனக்கு ஒரு எழவும் புரியல. கெணத்தடிக்குப் போயி, பாக்கெட்டுல இருந்த ரெண்டு பொட்டலத்தையும் பிரிச்சேன்.

ரெண்டுலயும் வெள்ளை.

போயி உண்மையச் சொல்லலாம்தான். சொன்னா, மருமகளுக்காக அந்த மனுசன் ஆத்தாகிட்டயே பித்தலாட்டம் பண்ணுனது பெரீம்மாவுக்குத் தெரிஞ்சுபோகும். அதனால இன்னும் வாயத் தொறக்கல.

அண்ணிக்குச் செவப்பு வெச்சது நாந்தான்.