அனுபவத்துக்கு விலக்கு

"இந்தப் புதுச் சட்டம் கண்டிப்பா வரணுங்க. படிப்பும் பயிற்சியும் இல்லாதவங்க வூட்டுக் கடனுக்கு வூட்டை அளந்து மதிப்புப் போடவே கூடாது. அனுபவத்துக்குன்னு விலக்கு எதுவும் வேணாம்னு எழுதியிருக்கேன். டில்லிக்கு அனுப்பிடுங்க."

வியாகுலம் மனுவை நீட்டினார். தருமபுரி மதிப்பீட்டாளர் சங்கச் செயலாளர் சிலம்பரசன் வாங்கிப் படித்தார்.

"உங்களுக்கும்தான் பயிற்சி இல்ல. இருபது வருச வேலை போயிடுமேங்க!"

"போவட்டும். ராஜமேரிக்கும் போவணும். நான் டேப் புடிக்கக் கத்துக் குடுத்த பொம்பள! இப்ப மொரப்பூர்ல ஒரு வூடுன்னாலும் பேங்க்ல அவளைத்தான் கூப்புடறாங்க."

"அவங்க பயிற்சி முடிச்சு பரீட்சையும் பாஸ் பண்ணிட்டாங்களே."

"எப்ப?"

"போன மாசம். சேலத்துல."

"போன மாசம் வேளாங்கண்ணிக்குன்னு சொல்லிட்டில்ல போனா?"

சிலம்பரசன் மேசையிலிருந்த இன்னொரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். ராஜமேரியின் கையெழுத்து.

'ஐயா, அனுபவம் உள்ளவர்களுக்கு விலக்கு கேட்டு எழுதுங்கள். என் வீட்டுக்காரர் பரீட்சைக்குப் போக மாட்டார், ரோசக்காரர். நான் பாஸானது தெரிந்தாலே அவருக்கு மூன்று நாள் சோறு இறங்காது. வேலையும் போனால் மனுசன் தாங்க மாட்டார்.'