கறுப்புக் காளையின் முதல் கன்று

ஈற்று நோவில் கிடாரி மூன்றாம் முறையாகப் படுத்து எழுந்தது.

சுனில்தா சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டாள். வாளியில் சோப்புத் தண்ணீர் தயாராக இருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்த, கன்று இழுக்கும் கயிறுகள் இரண்டும் அவள் கழுத்தில் தொங்கின.

பட்டிக் கதவை அவள் கணவன் அனாஸ்தோ மறித்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் பொறு, உள்ளே போகாதே என்றான்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. போன வருடமும் இப்படித்தான் பொறுத்தார்கள். மூன்று கிடாரிகளைக் கழுகுகள்தான் தின்றன.

போன வருட ஈற்றுக்குக் கிடாரிகளோடு பக்கத்துப் பண்ணை திமோத்தியோவின் சரோலே காளையை விட்டிருந்தார்கள். பால் நிறம், வண்டி மாதிரி உடம்பு. அதன் கன்றுகளுக்கு எடை ஏறும். கறி வியாபாரிகள் பட்டிக்கே வந்து பிடித்துப் போவார்கள். கொரியெந்தெஸ் சதுப்பைச் சுற்றிய பண்ணைகளில் எல்லோருக்கும் அந்தச் சாதிதான் வேண்டும்.

ஆனால் இவர்களுடையவை திமில் வைத்த சின்னக் கிடாரிகள். அவற்றின் வயிற்றில் அவ்வளவு பெரிய தோளும் மண்டையும் வளர்ந்துவிட்டு, வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டன.

அனாஸ்தோவின் கை உள்ளே போகாது, அவ்வளவு தடி. ஒல்லிக் கைக்காரி அவள்தான். ஈர மண்ணில் படுத்து, மாட்டின் பின்தொடையில் காலை உதைத்து ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒவ்வொரு கன்றாக இழுத்துப் போட்டாள். ஒன்பது கன்றுகள். கடைசிக் கன்றுக்கு விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை ஆனது.

அதற்கு அடுத்த மாதம் காளை ஏலம் வந்தது.

எல்லோரும் பெரிய காளைகளைச் சுற்றி நிற்க, அனாஸ்தோ கடைசிக் கொட்டிலுக்குப் போனான். அங்கே ஆங்கஸ் சாதிக் கறுப்புக் காளை ஒன்று. கொம்பு இல்லை. சின்னத் தலை, ஒடுங்கிய தோள். ஏலக்காரரிடம் அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிறந்தபோது இது என்ன எடை? இருபத்தெட்டுக் கிலோ என்றார்கள். கையைத் தூக்கிவிட்டான்.

"காளை வாங்க வந்தியா, பொண்டாட்டிக்கு நாய்க்குட்டி வாங்க வந்தியாப்பா?" என்று திமோத்தியோ கேட்டான். ஏலக்கூடமே சிரித்தது. இந்த வெயிலில் கறுப்புத் தோல் வெந்துபோகும், மிச்சத்தை உண்ணி தின்னும் என்றும் சொன்னான்.

சுனில்தா ஒரு வாரம் அனாஸ்தோவோடு பேசவில்லை. விற்கும்போது கன்றுக்கு முப்பது கிலோவாவது குறையுமே என்றுதான் கோபம். ஏன் இதை வாங்கினாய் என்று கேட்டால் ஒரு நாள் கொம்பில்லாத கன்று பிறக்கும் என்றான். இன்னொரு நாள் சாதுவான சாதி என்றான். பிறகு ஒரு நாள், கறுப்பு மாட்டுக்கு இப்போது கிராக்கி என்றான். காரணம் உள்ளவன் ஒன்றைத்தானே சொல்வான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கிடாரி முக்கியது. பனிக்குடம் உடைந்து காலெல்லாம் வழிந்தது.

"உன் கை போகாது. என் கைதான் போகும். வழிய விடு."

அவன் நகரவில்லை.

முதலில் இரண்டு குளம்புகள் தெரிந்தன. அவற்றின்மேல் ஒரு கறுப்பு மூக்கு. இந்த இடத்தில்தான் போன வருடம் எல்லாம் நின்றுபோனது. சுனில்தா கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

கிடாரி இன்னொரு முறை முக்கியது. தோள் வந்தது. தோள் வந்த வேகத்திலேயே முழுக் கன்றும் வழுக்கிக்கொண்டு புல்லில் விழுந்தது. தும்மியது. காதை உதறியது. கிடாரி திரும்பி, இது என்ன என்பதுபோல் முகர்ந்துவிட்டு நக்க ஆரம்பித்தது.

ஒரு கை படவில்லை.

சுனில்தாவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும். இன்னும் இருபத்தொன்பது கிடாரிகள் இருக்கின்றன. எல்லாம் இப்படியே ஈனும் என்று முதல்முறையாக நம்பினாள்.

"சரி, கறுப்பன் கெட்டிக்காரன்தான். கிடாரி சாகக் கூடாதுன்னுதான் வாங்கினேன்னு அப்பவே சொல்றதுக்கு என்ன? நான் சண்டையே போட்டிருக்க மாட்டேனே."

அனாஸ்தோ கன்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிடாரிக்காக வாங்கல."

கதவை விட்டு நகர்ந்து அவள் பக்கம் திரும்பினான்.

"அந்தக் கடைசிக் கன்ன இழுத்த மறுநாள் காலைல, எலுமிச்ச மரத்தடியில நீ குழி தோண்டுனத பாத்தேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

சுனில்தா அப்படியே புல்லில் உட்கார்ந்தாள்.

அது மூன்றாம் மாதம். கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துத் தங்கிய கரு. உறுதியானதும் அவனிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். கடைசிக் கன்றை இழுத்த அன்று இரவே அது கலைந்துபோனது; பிறகு சொல்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. யார் உன்னை இழுக்கச் சொன்னது என்று அவன் கேட்டுவிடுவானோ என்ற பயம் வேறு. ஒரு வருடமாக அதை யாரிடமும் சொல்லாமல் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

ஒற்றை ஆளாக என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் அவளருகில் உட்கார்ந்தான். கன்று தடுமாறி எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்து மடியைத் தேடிப் பிடித்தது. சீம்பால் குடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் அந்தக் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை அவனிடம் சொன்னாள்.

அவன் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தான்.