நரி விரட்டும் தூக்கம்

இவளுக்கு நரியை யார் காட்டியது என்று மதிவதனி தனக்குள் கேட்டுக்கொண்டாள். பிறந்து சில நாளே ஆன மகள், மடியில் தூங்கியபடியே அழப்போவதுபோல் உதட்டைப் பிதுக்கினாள், உடனே சிரித்தாள்.

"கனவுல நரி விரட்டுது பாரு," என்றான் கணவன் குமரவேல்.

செவிலி சம்மதம் வாங்கக் கைரேகைத் திரையை நீட்டினாள். "பிறவியிலேயே வந்ததையெல்லாம் துடைச்சிடுவோம்க்கா. பாப்பா மனசு வெறும் பலகையாயிடும். அப்புறம் நீங்க விரும்பினத எழுதிக்கலாம்."

"விரலை வை வதனி. எங்கப்பாவோட கோபம் என்னோட போகட்டும்."

"துடைச்சா நரி வருமா?"

"வராதுக்கா. பாப்பா நிம்மதியாத் தூங்கும்."

மதிவதனி விரலை நீட்டினாள். அது திரையைத் தொடுவதற்குள் குழந்தை தூக்கத்திலேயே அதை இறுகப் பற்றிக்கொண்டது. இதையும் இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மதிவதனி விரலை உருவவில்லை.

"விரல் காலியா இல்ல சிஸ்டர்," என்றாள் மெதுவாக.