வங்கி வாசலிலிருந்து ஓர் அழைப்பு

"அக்கா, பேங்க் வாசல்ல வரிசையில நிக்கிறேன். பணத்தை எடுத்துடட்டுமா, விட்டுடட்டுமா?"

தங்கைதான். பின்னால் ஒரே இரைச்சல்.

நாடுகள் வந்து கைகட்டி நின்று கடன் கேட்கும் நிதி நிறுவனத்துக்கு அக்கா தலைவர். இன்று காலைதான் சொந்த நாட்டுக்கான கடனில் கையெழுத்துப் போட்டிருந்தாள். நிபந்தனை ஒன்றே ஒன்று: திங்கட்கிழமையிலிருந்து அங்கே எந்த வங்கியிலும் யாரும் பணம் எடுக்க முடியாது.

அறிவிப்பு வரும்வரை பெற்ற பிள்ளையிடம்கூட மூச்சு விடக் கூடாது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட வாய் தவறி எதையும் உளறாதவள் என்ற பெயர்தான் அவளை இந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

தெரியாது என்று நழுவலாமா? நழுவினால் தங்கைக்கு அதுவே பதில். சின்ன வயதிலிருந்தே அக்கா மழுப்புவதைக் கண்டுபிடிப்பதில் அவள் கெட்டிக்காரி.

அந்தப் பணம் தங்கை கணவரின் சிறுநீரக ஆபரேஷனுக்கு.

ஆனாலும் பொருளாதார நிபுணர் அல்லவா, நொடியில் மனக்கணக்குப் போட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தானே கட்டிவிடலாம். ஒரு குடும்பம்தானே.

"ஒண்ணும் ஆகாது. நீ வீட்டுக்குப் போ."

"அப்பாடா!" என்ற தங்கை, அக்கா போனை வைப்பதற்குள் வரிசையைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டாள்.

"எல்லாரும் கேளுங்க! கடன் குடுக்குற எங்கக்காவே சொல்லிட்டா! பணத்துக்கு ஒண்ணும் ஆகாதாம்!"

"ஏய், ஏய், இரு" என்றாள் அக்கா. அதைக் காதில் வாங்க அங்கே ஆள் இல்லை.

இரைச்சல் மெல்ல அடங்கியது. நான் அப்பவே சொன்னேனே என்று யாரோ பெருமையடித்தார். செருப்புச் சத்தங்கள் தள்ளித் தள்ளிப் போயின.

இனி மாற்றிச் சொன்னால் ஊரே வங்கிக் கதவை உடைக்கும். ஒப்பந்தமும் போச்சு, நாற்காலியும் போச்சு.

போன் கை மாறியது. யாரோ ஒரு பெண். இடுப்பில் குழந்தை போலிருக்கிறது, வீறிட்டு அழுதது.

"மேடம், காலையிலேர்ந்து நிக்கிறேன். எனக்கு முன்னாடி இன்னும் நாலே பேருதான். நிஜமாவே போகலாமா?"

இந்தக் குரலுக்கு அக்காவிடம் எந்தக் கணக்கும் இல்லை. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போங்கம்மா" என்றாள். "குழந்தை அழுவுதே, முதல்ல வீட்டுக்குப் போங்க."