அண்டாவுக்குள் மணி

"பொய் சொல்லாத கடிகாரமாப் பார்த்து வாங்குங்க" என்று தனபாக்கியம் நச்சரித்ததால்தான் அவள் கணவர் அந்த டிஜிட்டல் கடிகாரத்தைத் தேர்ந்தெடுத்தார். எங்கோ தொலைவில் ஒரு கோபுரம் ரேடியோவில் நேரம் சொல்லும். அதைக் கேட்டு, கடிகாரம் நொடி பிசகாமல் காட்டும்.

சுவரில் இருந்த முள் கடிகாரம் புதுசை ஏற இறங்கப் பார்த்தது. "தம்பி, இந்த வீட்டுல பத்து நிமிஷம் கூட்டித்தான் காட்டணும். பஸ்ஸை விட்டுடக் கூடாதுன்னு என்னை அப்படித்தான் வச்சிருக்காங்க."

"கோபுரம் சொல்றதைத்தானே அண்ணே நான் காட்ட முடியும்?"

மறுநாள் கணவர் பழக்கதோஷத்தில் பத்து நிமிஷத்தைக் கழித்துக்கொண்டு நிதானமாகக் காபி குடித்தார். பஸ் போய்விட்டது. திட்டு புதுக் கடிகாரத்துக்கு விழுந்தது. தனபாக்கியம் பொத்தானை அழுத்திப் பத்து நிமிஷம் கூட்டினாள். கோபுரத்தின் குரல் கேட்டதும் அது தன்னைத் திருத்திக்கொண்டது. அவள் மறுபடி கூட்டினாள். அது மறுபடி திருத்திக்கொண்டது.

கடைசியில் அவள் சமையலறைப் பரணில் எவர்சில்வர் அண்டாவைப் படுக்கவைத்து, நேரத்தைக் கூட்டி, கடிகாரத்தை அதற்குள் தள்ளி நிறுத்தினாள். அதன் முகம் வெளியே தெரிந்தது. கோபுரத்தின் குரல் மட்டும் எவர்சில்வரைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இப்பத்தான் ஒழுங்கா ஓடுது" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வெகுநாள் அது காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டது.

"தம்பி, நிஜத்துல இப்ப மணி என்ன? எனக்கு எப்பவோ மறந்துபோச்சு. உனக்குத்தான் தெரியும்" என்று ஒருநாள் முள் கடிகாரம் கேட்டது.

டிஜிட்டல் கடிகாரம் அண்டாவுக்குள்ளிருந்தே அதன் முள்களைப் பார்த்தது.

"நீ காட்டுறதுதான், அண்ணே."