பேக்கிங் அக்காவின் தூக்கம்

“அக்காவை எழுப்பாதீங்க, தூங்கட்டும். தூங்கறவங்களுக்குக் கமிட்டியில என்ன வேலைன்னு முதல்ல பேசுவோம்.”

தலைவர் சொன்னதும் சங்க அறையே சிரித்தது.

பேக்கிங் பிரிவு அக்கா மூலைப் பெஞ்சில் ஸ்வெட்டரோடு சாய்ந்திருந்தாள். மற்றவர்களுக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

போன வருஷம் வரைக்கும் ஆலை வாசலில் இவள் கோஷம் போட்டால் மேனேஜர் எழுந்து ஜன்னலைச் சாத்துவார். இப்போது குரல் கரகரத்து, முகம் உப்பி, ஒரு வார்த்தை பேச யுகமானது.

“மேனேஜர் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒட்டியிருக்கு போல” என்றான் லாரி டிரைவர்.

“நான் சொல்லலப்பா, நீ சொல்றே” என்றார் தலைவர். வாழ்நாளெல்லாம் மேடை ஏறியவர். எந்தப் பொறியை எப்போது ஊதவேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

“அவங்களைக் கமிட்டியிலேருந்து எடுக்கலாம்கிறவங்க கை தூக்குங்க.”

கைகள் உயர்ந்தன. சத்தத்தில் விழித்துக்கொண்ட அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். என்ன தீர்மானம் என்று கேட்கவில்லை. தலைவர் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவளும் கையைத் தூக்கினாள்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த வாரம் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தலைவரும் போனார். போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

“தைராய்டு” என்றாள் டாக்டரம்மா. “உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, சொந்தச் சுரப்பியை எதிரின்னு நெனச்சு அடிக்குது. அதனாலதான் இந்த வீக்கம், குளிரு, தூக்கமெல்லாம்.”

“குணமாகாதா?”

“தினம் காலையில வெறும் வயித்துல மாத்திரை. அப்பப்போ ஒரு ரத்தப் பரிசோதனை. இதை ஒழுங்காப் பார்த்துக்கிட்டா எல்லாரையும் போல நடமாடலாம். இவங்க மாசக்கணக்கா மாத்திரையே போடல. இன்னும் ரெண்டு நாள் போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்.”

தலைவருக்குச் சுருக்கென்றது. அந்தக் குத்தல் கோபமாகத்தான் வெளியே வந்தது. கட்டிலருகே நின்ற அக்காவின் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, பொண்டாட்டி மாத்திரை போடறாளா இல்லையான்னு கூடப் பார்க்க மாட்டியா?”

வீட்டுக்காரர் தையல்காரர். சண்டை போடத் தெரியாதவர்.

“மாத்திரை, பரிசோதனை எல்லாம் கம்பெனி டிஸ்பென்சரியிலதான் தலைவரே. காய்ச்சல்காரனுக்கும் லீவு எழுதித் தராத டாக்டர், அவர் இருக்கற வரைக்கும் யாரும் அந்தப் படி ஏறக்கூடாதுன்னு பகிஷ்கரிப்பு அறிவிச்சீங்களே. இந்த வாரம் முடிஞ்சுடும், அடுத்த வாரம் முடிஞ்சுடும்னு இருந்துட்டா.”

“வெளியில காட்டியிருக்கலாமே?”

“சொன்னேன். சங்கத்துக்காரி உடம்பு சரியில்லாம அலையறான்னு மேனேஜர் காதுக்குப் போனா சிரிப்பான்னுட்டா.”

தலைவர் அக்காவைப் பார்த்தார். உப்பிய இமைகள் திறக்கவில்லை. அன்றைக்கு உயர்ந்த அந்தக் கையில் இப்போது ஊசி ஏறியிருந்தது. கமிட்டியை விட்டு நீக்கியதை அவளுக்கு யாராவது சொன்னார்களா என்று கேட்க நினைத்தார்.

“ஆலையில பாதிப்பேர் டிஸ்பென்சரிப் பின்வாசல் வழியாப் போய் மருந்து வாங்கிக்கிறாங்க, நீயும் போயேன்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன்” என்றார் வீட்டுக்காரர். “கேட்கல. யார் வேணாப் போகட்டும், தலைவரும் பிரஷர்காரர்தானே, அவர் போகாமத்தானே இருக்கார், அவருக்காவது ஒரு துணை வேணாமான்னா.”

தலைவரின் கை தானாகவே சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது. உள்ளே, முந்தின நாள் அதே பின்வாசலில் வாங்கிய பிரஷர் மாத்திரை.